பசை போகாத சுவர்

கணவன் வீட்டைத் துறந்து என் மகள் வெள்ளிக்கிழமை வருகிறாள் என்று தெரிந்ததும், என் மகன் நடு அறையின் பழைய வால்பேப்பரைக் கிழித்தெறிய ஏற்பாடு செய்தான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அடுத்து அவன் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"பத்து நாள் இருப்பாப்பா. கோபம் தணிஞ்சதும் நாமளே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம். அதுக்கு ஒரு கோட் பெயின்ட் அடிச்சாப் போதும்."

ஆறு ஆண்டுகள் பொறுத்துப் பொறுத்து ஒரு பெண் எடுத்த முடிவுக்குக் கோபம் என்று பெயர் வைக்கிறான், நான் வளர்த்த பிள்ளை.

வேலையை ஏற்றவர் மருமகளின் அண்ணன், பெயின்டிங் கான்ட்ராக்டர். சம்பந்தி வீட்டுப் பிள்ளை என்பதால் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. செவ்வாயன்று காகிதத்தை உரித்தார். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். புதன் காலையில் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். நான் விரலை நனைத்துச் சுவரில் தேய்த்தேன். வழுக்கியது. பழைய பசை அப்படியே இருந்தது. அதன்மேல் பூசினால் என்னவாகும் என்பதை நான் அறிவேன். நான் பாடம் நடத்திய பள்ளியின் ஆசிரியர் அறையில் இதே அவசரத்தைக் காட்டினார்கள். மூன்றே மாதங்களில் சுவர் செதில்செதிலாக உரிந்து எங்கள் தேநீரில் விழுந்தது.

கேட்டதற்கு, மூன்று முறை கழுவியாயிற்று என்று கூசாமல் சொன்னார்.

நான் மருந்துப் பெட்டியிலிருந்த டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து, பஞ்சில் தொட்டு, நான்கு சுவர்களிலுமாக ஐந்து இடங்களில் வைத்தேன். பசையில் மாவு உண்டு. மாவு பட்டால் அயோடின் கறுத்துவிடும். எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர் காட்டித்தந்த வித்தை அது. ஓரிடம் மஞ்சளாகவே நின்றது. மற்ற நான்கும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாயின.

"என்ன மாமா, சுவத்துக்கே பரீட்சையா?"

"அஞ்சுல ஒண்ணுதான் தேறியிருக்கு தம்பி. டப்பாவை மூடுங்க."

மகன் என்னைக் கூடத்துக்கு இழுத்துச் சென்று, மச்சான் முகம் கோணும், பத்து நாள் கூத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று காதோடு கடிந்துகொண்டான். நான் காதோடு பேசவில்லை. நாற்பது பேர் வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்ட குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"அது அவளோட அறை. பத்து நாளைக்கு இல்ல. அவளா போறேன்னு சொல்ற வரைக்கும். யார் முகம் எந்தப் பக்கம் கோணினாலும் சரி."

கான்ட்ராக்டர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாளியும் ஸ்பாஞ்சும் எனக்கு மிஞ்சின. வெந்நீரில் நனைத்து, மேலிருந்து கீழாகத் துடைத்து, நீர் கலங்கியபோதெல்லாம் மாற்றி, இரண்டு நாட்களில் இரண்டு சுவர்களை முடித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் அந்த இரண்டிலும் அயோடின் எங்கே வைத்தாலும் மஞ்சளாகவே நின்றது. மகன் அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மகள் பெட்டியோடு அறை வாசலில் நின்றாள். கழுவாத சுவர்களில் இருந்த கருநீலத் திட்டுகளைப் பார்த்தாள். பின்னால் நின்ற என் மகன், அப்பாவின் பிடிவாதத்தால் அறை ஆயத்தமாகவில்லை, பத்து நாளும் கூடத்தில்தான் படுக்க வேண்டும் என்றான். அவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் எத்தனை நாள் ஆகும்பா?"

"மிச்சச் சுவரைக் கழுவணும். நல்லாக் காயணும். அப்புறம் விரிசலுக்குப் பட்டி வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, அதுக்கப்புறம்தான் பெயின்ட். மூணு வாரம் ஆகும். உனக்கு எங்கேயாவது போகணுமா?"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கேயும் போகலப்பா."

பெட்டியைச் சுவரில் படாமல் அறையின் நடுவில் வைத்தாள். சுடிதார்க் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வாளிக்குள் விரலை விட்டாள்.

"தண்ணி ஆறிடுச்சு. அண்ணா, சூடா ஒரு வாளி கொண்டு வா."

மகன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.