கப்பல் மணிக்கூடு

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள். ஒன்று பருத்தித்துறை நேரம். மற்றது என் கணவர் யதுசன் வேலை செய்யும் சரக்குக் கப்பலின் நேரம். கப்பல் கிழக்கே போனால் முன்னேயும் மேற்கே போனால் பின்னேயும் அங்கே நேரத்தை மாற்றுவார்கள். அவர் வாட்சப்பில் அறிவிப்பார். நான் கதிரையில் ஏறி முள்ளைத் திருப்புவேன். எங்கள் ஒழுங்கையில் கப்பலுக்கு ஆள் போன வீடுகளில் இது வழக்கம்தான். நான்தான் கொஞ்சம் மிஞ்சிப் போனேன். அவருடைய சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எனக்குப் பசிக்கும்.

கலியாணமாகி ஐந்து வருடம். ஒன்றாக இருந்தது பத்து மாதம்கூட வராது. "நீர் ஒரு வேலை எடும், நான் கப்பலை விட்டு இறங்கிறன்" என்று போன முறை சொல்லிவிட்டுப் போனார். அதற்காகத்தான் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி லினக்ஸ் என்ற கொம்பியூட்டர் படிப்புப் படித்தேன்; சோதனை பாஸ் என்றால் வேலை நிச்சயம். முதல் மாதமே வகுப்பு டிஸ்க் ஒன்றை முழுதாக அழித்துப் பெயர் எடுத்தேன்.

சோதனைக்கு முதல் நாள் காலையில் அவருடைய குரல்பதிவு வந்தது. "பிரேசிலை விட்டு வெளிக்கிட்டாச்சு. நாளைக்குக் கப்பல் நேரம் காலமை எட்டு மணிக்கு கப்டன் ஒப்பந்தத் தாள் வாங்குவார். பாஸ் எண்டால் மெசேஜ் போடும். வராட்டி இன்னும் ஒன்பது மாதத்துக்குக் கையெழுத்து வைக்கிறன்."

சோதனையில் வெறும் டிஸ்க் ஒன்றைத் தந்தார்கள். பிரித்தேன். சிஸ்டத்துக்கு ஐம்பது ஜிபி, மெமரி நிரம்பினால் ஒதுங்க ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்வாப், மிச்சமெல்லாம் கோப்புகளுக்கு. பிறகு உலகப்படம் ஒன்று வந்து, நீங்கள் எந்த இடம் என்று கேட்டது. கை தன்பாட்டில் அழுத்திவிட்டது.

பரிசோதிக்க வந்த றயன் சேருக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. திரையைக் குனிந்து பார்த்தார்.

"பார்ட்டிஷன் எல்லாம் வடிவா இருக்கு, அக்கா. ஆனா பதினொண்டரை ஆகுது, உங்கடை கொம்பியூட்டரிலை மட்டும் ஏன் இன்னும் விடியேல்லை?"

அதில் அதிகாலை மூன்று மணி. பிரேசில் நேரம்.

"நீங்கள் பிரேசிலிலையோ இருக்கிறியள்?"

ஓம் என்று வாய்வரை வந்துவிட்டது. "திருத்தட்டோ, சேர்?" என்றேன்.

"அஞ்சு நிமிசம் இருக்கு. கெதியாச் செய்யுங்கோ."

ஒரே ஒரு வரிக் கட்டளைதான். கொழும்பு நேரம் என்று அடித்துவிட்டு, என்டரை அழுத்த மனம் வராமல் இருந்தேன். அழுத்தினேன். அவருடைய மூன்று மணி மறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப்பிள்ளைத்தனம், தெரியும்.

"பாஸ், அக்கா. திங்கக்கிழமை ஒஃபிசிலை இருந்து கோல் வரும்."

படியிறங்க முன்னமே மெசேஜ் அனுப்பினேன். போய்ச் சேராத ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுந்தது. கப்பலில் சிக்னல் இல்லை. பஸ் முழுக்க ஒற்றைச் சரி. வீட்டுக்கு வந்து பார்த்தபோது கப்பல் மணிக்கூட்டில் ஏழு. சாப்பிடாமல் அதன் கீழேயே இருந்தேன்.

ஏழு இருபதுக்கு இரட்டைச் சரி விழுந்தது. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது! தனியே நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அலுமாரியில் எந்தத் தட்டை அவருக்கு ஒதுக்குவது, வந்த அன்றைக்கு என்ன கறி வைப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

பதில் வந்தது.

"ராத்திரிக் கப்பல் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை. உமக்குச் சொல்லச் சிக்னல் கிடைக்கேல்லை. எட்டு மணிக்குக் கையெழுத்து வைச்சிட்டன், கேதீஸ். உம்மடை மெசேஜ் இப்பதான் வந்தது."

நான் சிரித்துக்கொண்டு நின்றபோது அங்கே எல்லாம் முடிந்து இருபது நிமிடம். கப்பலையும் கப்டனையும் திட்டி நிறைய அடித்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். ஒன்பது மாதம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, ஏழு இருபத்தைந்தில் நின்ற முள்ளை எட்டு இருபத்தைந்துக்குத் திருப்பினேன்.