புரட்டாத கட்டங்கள்

விடிவதற்குள் முப்பத்திரண்டு உடம்புகளைப் புரட்டியாக வேண்டும். இருக்கும் நர்ஸ் அவள் ஒருத்தி. ஒல்லி உடம்பு, சுருக்கென்ற பேச்சு. வார்டே அவளைக் குண்டூசி என்றது. எட்டாம் கட்டில் பெரியவரின் தோளுக்கடியில் கைவிட்டு, மூச்சை அடக்கி அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து கசிந்தது.

“ராத்திரியெல்லாம் எரிஞ்சுதும்மா. நீ இப்பதான் வர்றே” என்றார். குறையாகச் சொல்லவில்லை, அதுதான் குத்தியது.

ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாது. பயிற்சி வகுப்பு. வார்டுப் பிரச்சினையைக் கண்டுபிடித்து, ஆதாரத்தோடு தீர்ப்பது எப்படி என்று, ஆயுளில் ஒரு மலச்சட்டியைத் தூக்கியறியாத டை கட்டிய ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஆதாரம் என்பதையே தான்தான் பெற்றெடுத்தது போல ஏசிக்கு அடியில் வீற்றிருந்தார் ஆஸ்பத்திரி நிர்வாகி.

“யாருக்கு, எதைச் செஞ்சா, என்ன மாறும்? ஒரே கேள்வியா எழுதுங்க” என்றார் டைக்காரர்.

குண்டூசி எழுதினாள்: ‘பத்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருந்தால் படுக்கைப் புண் குறையுமா?’

நிர்வாகி வாங்கிப் படித்தார். “இது கேள்வி இல்லம்மா, கோரிக்கை. கை கழுவுறதைப் பத்தி எழுது. அழகா இருக்கும்.”

“புண்ணு அழகு பாத்து வர்றதில்லை சார்.”

அவர் புரட்டிய நேரம் குறிக்கும் வார்டு அட்டைகளை வரவழைத்தார். “எட்டாம் கட்டில். ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டினதா ஆறு கட்டத்துலயும் உன் கையெழுத்து. அப்பவும் புண்ணுன்னா, குறைச்சல் ஆள்ல இல்ல. உன் வேலைல.”

காலையில் கிளம்பும்போது ஆறு கட்டத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம். காலியாக விட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரும். ஊருக்கெல்லாம் ஊசி போட்டவள் தனக்கே போட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்தாள். “ஒரு தடவைதான் சார் புரட்டினேன். மீதி அஞ்சும் பொய்.”

“எழுதிக் கொடுப்பியா? வேலை போயிடும்.”

“நானும் பொய்தான் போட்டேன்” என்றாள் பின்வரிசையிலிருந்து மூத்த சிஸ்டர். “இருபத்தாறு வருஷமா.”

“நானும்.” “நானுந்தான்.” நாற்காலிகள் நகர்ந்தன. வகுப்புக்கு வந்திருந்த பதினான்கு நர்ஸ்களும் எழுந்து நின்றார்கள்.

“கேள்வி... நல்ல கேள்விதான்” என்று டைக்காரர் முனகினார். நிர்வாகி ஒரு பார்வை பார்த்ததும் அந்த வீரமும் தொண்டைக்குள் திரும்பிவிட்டது.

மறுநாளிலிருந்து, புரட்டாத கட்டத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாரமே பதினான்கு மெமோக்கள் வந்தன. நர்ஸ்கள் அறையில் பதினான்குக்கும் ஒரே பதிலை எழுதினார்கள்: ‘முப்பத்திரண்டு பேருக்கு ஒரு நர்ஸ். புரட்ட முடியாததைப் புரட்டியதாக எழுத மாட்டோம்.’ முதல் கையெழுத்துப் போடக் குண்டூசி பேனாவைத் திறந்தாள்.

மூத்த சிஸ்டர் அதைப் பிடுங்கிக்கொண்டாள். “தள்ளு அக்கட்டா. பொய்க் கையெழுத்து போட உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். நிஜத்துக்கும் நான்தான்டி முதல்ல போடணும்.”

போட்டாள். பேனா அடுத்த கைக்குப் போனது.