ஆலை மூடும் தேதி

என் அண்ணனிடம் கையெழுத்து வாங்க ஆண்டவனே இறங்கி வந்தாலும், "நாளைக்குப் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

நாங்கள் சக்கரம் இறக்குமதி செய்கிறோம். தள்ளுவண்டி, நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில் இவற்றுக்கு அடியில் உருளுமே, அந்த ரப்பர் சக்கரம். செய்து அனுப்பும் ஆலை கடல் தாண்டி இருக்கிறது. அவர்களுடைய புத்தாண்டு வந்தால் ஒரு மாதம் பூட்டு. அதற்கு முன் ஆர்டர் போய்ச் சேர்ந்தால் இரண்டு மாதத்துக்குள் சரக்கு வந்துவிடும். தவறினால் மூன்று மாதம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அதனால் நாலு வருடத்துக்கு முன் ஒரு வேலை செய்தேன். ஆலை சொன்ன கடைசித் தேதியைப் பத்து நாள் குறைத்து அவனிடம் சொன்னேன். அவன் வழக்கம்போல ஒரு வாரம் இழுத்தடித்துக் கையெழுத்துப் போட்டான். சரக்கு சொன்ன நேரத்துக்கு வந்தது. அன்று முதல் வருடா வருடம் அதே கதைதான். என்னை மாதிரிக் கெட்டிக்காரி உண்டா என்று எனக்குள் ஒரே பெருமை.

இந்த வருடம் அந்தப் பாழாய்ப்போன ஆலை பத்தாம் தேதிதான் மெயில் அனுப்பியது. பதினைந்துக்கு மேல் ஆர்டர் எடுக்க மாட்டார்களாம். இருப்பதே ஐந்து நாள், இதில் பத்தை எங்கே குறைப்பது? உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அண்ணா, பதினஞ்சுக்குள்ள போட்டாகணும். இந்தத் தடவை நெஜமாவே."

"சரி சரி, உயிரை வாங்காதே."

நான் பதறியதற்குக் காரணம் தெருக்கோடிப் பட்டறைக்காரர். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து நாற்பது கட்டில் ஆர்டர். இரண்டு மாதத்தில் எங்கள் சக்கரத்தோடு கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இதை நம்பி மற்ற வேலைகளையெல்லாம் வேண்டாமென்று விட்டுவிட்டார்.

அண்ணன் பதினாலாம் தேதி கண்காட்சி பார்க்க வெளியூர் போனான். இருபது முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவன் கையெழுத்து இல்லாமல் ஆலை ஆர்டரை வாங்காது. பதினேழாம் தேதி சாவகாசமாக வந்து, கையெழுத்துப் போட்ட தாளை என் மேசையில் வைத்தான்.

"எதுக்கு இது? பஜ்ஜி மடிக்கவா?" என்றேன்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? இன்னும் எட்டு நாள் இருக்குல்ல?"

"எந்த எட்டு நாள்?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ பத்து நாள் குறைச்சுச் சொல்றதைப் போன வருஷமே கண்டுபிடிச்சிட்டேன். அப்போ அவங்க அனுப்புன மெயிலை நானும் பாத்தேன்."

"நெஜம்னு சொன்னேனேடா பாவி!"

"வருஷா வருஷம் அப்படித்தானே சொல்றே!"

கோபத்தில் எனக்கு அழுகை வந்து தொலைத்தது. அவன் முகமும் வெளுத்துவிட்டது. பட்டறைக்காரரின் எண்ணை அழுத்தி, "நீயே சொல்லு" என்று போனை என் கையில் திணித்தான்.

"அண்ணே, சக்கரம் வர மூணு மாசம் ஆயிடும். எங்களை நம்பாதீங்க. விலை கூடுனாலும் பரவால்ல, வேற எடத்துல இன்னிக்கே சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஏம்மா, உங்களை எனக்குத் தெரியாதா? நீங்க மூணுன்னா ரெண்டு. முன்னாடியே வந்துட்டா நாங்க சந்தோஷப்படுவோம்னு எப்பவும் ஒரு மாசம் கூட்டித்தானே சொல்வீங்க."

"ஐயோ அண்ணே, இது அப்படி இல்ல, சத்தியமா..."

"சும்மா பயமுறுத்தாதீங்கம்மா. நேத்துகூட ஒருத்தர் சக்கரம் கைவசம் இருக்குன்னு வந்தாரு. எங்க தங்கச்சி இருக்கு, வேற யாரும் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

வெல்டிங் சத்தம் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.