நிறுத்தச் சொன்ன கை

ஸ்டாதிஸுக்குப் படகோட்டும் லைசென்ஸ் கிடைத்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவன் பேச்சைக் கேட்டால், ஏஜியன் கடலையே அவனுடைய தாத்தா வெட்டி வைத்துவிட்டுப் போனார் என்று நினைக்கத் தோன்றும். ஏதென்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கோடையில் கடையைப் பூட்டிவிட்டு லாவ்ரியோ துறையில் ஒரு பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தான். மனைவி மரியாந்தி, அக்கா ரூலா, ரூலாவின் புருஷன் மினாஸ் ஆகியோர் கூட வந்தார்கள். மினாஸ் வந்தது தூங்குவதற்கு. ரூலா வந்தது தம்பியின் பெருமையைப் பார்ப்பதற்கு.

மரியாந்தி வந்தது ஒரு பதிலுக்காக. முதல் கல்யாணத்தில் பிறந்த மகள் ஃபானி, பதினோரு வயது, வோலோஸில் மரியாந்தியின் தங்கை வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். குழந்தையின் அப்பன் ஜெர்மனியில் இருந்தான். ஸ்டாதிஸைக் கட்டிக்கொண்டபோது, வீடு கொஞ்சம் சீராகட்டும், பெண்ணை அழைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். பிறகு சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றான். பிறகு, கீழ்வீட்டில் குடியிருக்கும் ரூலாவுக்குக் குழந்தைச் சத்தம் ஆகாது என்றான். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கிறது, இந்த வருஷமாவது முடிவு சொல் என்று மரியாந்தி கேட்டதற்கு, பயணம் முடிந்து திரும்பும்போது சொல்கிறேன், நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்று பார்க்கலாம் என்றான். பெற்ற பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டி வர ஒருத்தி பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அவளும் எழுத உட்கார்ந்தாள்.

படகில் அவளுக்குக் கிடைத்த வேலை நங்கூரம். அவன் பின்பக்கம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கேப்டனாக நிற்பான். அவள் முன்பக்க மூக்கில் நின்று ரிமோட்டை அழுத்திச் சங்கிலியை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். எஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கையால்தான் பேச்சு.

கித்னோஸ் தீவில் படகைக் கரையில் கட்டும்போது வினை வந்தது. மாலை வேளை, துறையோரக் காபிக்கடைகள் நிறைந்திருந்தன. அந்த ஊர்களில் அந்நேரத்துக்கு அதுதான் சினிமா. காபியை வைத்துக்கொண்டு, எந்தப் படகுக்காரன் தடுமாறுகிறான் என்று பார்ப்பார்கள். ஸ்டாதிஸ் பின்பக்கமாகப் படகை உள்ளே விட்டான், கோணலாகப் போயிற்று. மறுபடி விட்டான், பக்கத்துப் படகில் இடித்தான். ஒவ்வொரு முறையும் தப்பு மரியாந்தியுடையது. சங்கிலியைச் சீக்கிரம் விட்டுவிட்டாளாம், இல்லாவிட்டால் தாமதமாக விட்டாளாம். ஆட்டுக்குப் பிறந்தவளே, மலைக்காட்டுக் கழுதையே என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அதுவும் போதாமல், அவள் குனிந்திருந்தபோது வேண்டுமென்றே விசைப்பிடியைத் தள்ளிப் படகை ஒரு வெட்டு வெட்டினான். அவள் முட்டி போட்டு விழுந்தாள். ரூலா கைதட்டிச் சிரித்தாள்.

மரியாந்தி எழுந்தாள். திரும்பி நின்றாள். இரண்டு கையையும் நீட்டி, பத்து விரலையும் விரித்து, உள்ளங்கைகளை அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

கிரேக்க மண்ணில் ஒருவர் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரிப்பது காறித் துப்புவதற்கும் மேல். கடையில் ஐந்து காபி கேட்பவன்கூடப் புறங்கையைத்தான் காட்டுவான். ஒரு கைக்கே கொலை விழுந்த ஊர்கள் உண்டு. இவள் காட்டியது இரண்டு கை, அதுவும் புருஷனுக்கு, அதுவும் துறை முழுக்கப் பார்த்திருக்க. கரையில் விசில் பறந்தது. யாரோ ஒரு கிழவர், "கேப்டனுக்குக் கூலி கொடுத்தாச்சு" என்றார்.

ஸ்டாதிஸ் அப்போது சிரித்தான். சாப்பாட்டு மேசையில் வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டே, எல்லார் எதிரிலும் சொன்னான்.

"இன்னொரு தடவை அந்தக் கை எனக்கு முன்னாடி விரிஞ்சுதுன்னா, ஃபானி பேரையே நீ எங்கிட்ட எடுக்க வேண்டாம். புரியுதா மகாராணி?"

புரிகிறது என்றாள். கையை விரிக்காமல் படகை நிறுத்தச் சொல்வது எப்படி என்று மினாஸ் தூக்கக் கலக்கத்தில் கேட்டான். அதற்கும் சட்டம் போட்டான் ஸ்டாதிஸ்: இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி மாதிரி போட வேண்டும், அதுதான் நிறுத்து. மரியாந்தி அன்றிலிருந்து கையை மூடியே வைத்திருந்தாள். அவன் உப்பு கேட்டால்கூட மூடிய கையால் நகர்த்தினாள். அதைப் பார்த்து அக்காவும் தம்பியும் சிரித்தார்கள்.

டீலோஸ் தீவில் இறங்கினார்கள். தலையில்லாத சிலைகளுக்கும் சாய்ந்த தூண்களுக்கும் நடுவே ஸ்டாதிஸ் கையேட்டைப் பிரித்து உரக்க வாசித்துக்கொண்டே நடந்தான். அப்பல்லோ தெய்வம் பிறந்த புனித மண் என்பதால் அந்தக் காலத்தில் இங்கே யாரும் பிள்ளை பெறவும் கூடாது, சாகவும் கூடாது. பிரசவ வலி எடுத்தவளையும் இழுத்துக்கொண்டிருந்தவனையும் எதிரே உள்ள ரினியா தீவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

"நல்ல சட்டம். அடுத்தவனுக்குப் பெத்துட்டு வர்றவளை என்ன பண்றதுன்னு மட்டும் எழுதாம விட்டுட்டாங்க" என்றான்.

ரூலா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மரியாந்தியும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னையே வெறுத்தாள். ஆனால் லாவ்ரியோவுக்குத் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

அன்றிரவு ரினியா தீவின் ஒரு குடாவில் நங்கூரம் போட்டுத் தங்கினார்கள். காலையில் வடக்கிலிருந்து மெல்தெமி காற்று கிளம்பிவிட்டது. கோடையில் அந்தக் காற்று எழும்பினால் லேசில் அடங்காது. நங்கூரம் பிடிவிட்டு மெல்ல இழுபடுவதைப் பார்த்ததும் ஸ்டாதிஸ் பதறினான். எல்லாரும் உள்ளே இருக்கிறீர்களா என்று கீழே குனிந்து கத்தினான். இருக்கிறோம் என்று போர்வைக்குள்ளிருந்து மினாஸ் பதில் சொன்னான். தன் பெண்டாட்டி குளிக்கக் கடலில் இறங்கியிருப்பது அவனுக்குத் தெரியாது. எஞ்சின் உறுமியது. படகு மெதுவாக முன்னேற, மரியாந்தி மூக்கில் நின்று சங்கிலியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தண்ணீரில் மஞ்சள் குல்லாய் தெரிந்தது. ரூலா. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, படகின் மூக்குக்கு நேர் கீழே, மூச்சு வாங்க மிதந்துகொண்டிருந்தாள். பின்னால் நிற்கிறவனுக்கு அந்த இடம் தெரியவே தெரியாது.

மரியாந்தி கத்தினாள். ஒரு கை ஆடுகிற படகின் கம்பியைப் பிடித்திருந்தது. ரிமோட் நழுவி விழுந்தது. பெருக்கல் குறியும் ஞாபகம் வரவில்லை, ஃபானியும் ஞாபகம் வரவில்லை. திரும்பி, உலகத்தில் எவரும் நிறுத்து என்று எப்படிக் காட்டுவார்களோ அப்படி, விரித்த கையை அவனை நோக்கி நீட்டினாள்.

ஸ்டாதிஸ் பார்த்தான். அவன் பார்த்ததை அவள் பார்த்தாள். அவன் உதடு இறுகிற்று. கித்னோஸில் செய்த அதே வேலை: அவளை விழத்தட்டுவதற்காக விசைப்பிடியை முன்னால் தள்ளினான்.

படகு ஏறிப் போயிற்று. ரூலா அடியில் போய், எஞ்சின் விசிறியில் சிக்கிப் பின்பக்கம் வெளியே வந்தபோது தண்ணீர் சிவந்திருந்தது.

பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிருக்குப் பயமில்லை, வலது பாதத்தில் பாதி போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். மினாஸ் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். துறைமுகக் காவலர்கள் விசாரிக்க வந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஸ்டாதிஸ் உள்ளே போய்விட்டு வந்தான். வந்தவன் மரியாந்தியின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தான்.

"நீ நிறுத்தச் சொல்லி நான் நிறுத்தலன்னு வந்தா என்னை உள்ள வெச்சுடுவாங்க. என்னைத் திட்டத்தான் கையை விரிச்சேன்னு சொல்லு. ரூலாவைப் பார்க்கவே இல்லன்னு சொல்லு. வெறும் விபத்துன்னு முடிஞ்சுடும்."

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் விடவில்லை.

"செப்டம்பர்ல ஃபானி நம்ம வீட்டுல இருப்பா. எங்கம்மா கல்லறை மேல சத்தியம்."

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். அதிகாரி நரைத்த தாடிக்காரர். உட்காருங்கம்மா என்று தண்ணீர் கொடுத்தார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினீர்களா என்று, பதிலை அவளுக்கே எடுத்துக் கொடுப்பதுபோல் கேட்டார்.

"இல்ல. திட்டத்தான் காட்டினேன். முதல்லயே எங்களுக்குள்ள சண்டை."

"தண்ணியில ஆள் இருந்தது தெரியாதா?"

"நான் தண்ணியைப் பார்க்கல."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை காலடியில் சாகக் கிடக்கும்போது இவள் புருஷனுக்குக் கை விரித்துக்கொண்டு நின்றாளா என்ற அருவருப்பு அந்தப் பார்வையில் இருந்தது. அதன் பிறகு அவர் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

ஏதென்ஸுக்குத் திரும்பினார்கள். ரூலா ஊன்றுகோலோடு கீழ்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். விசாரணையில் மரியாந்தி சொன்னது அவளுக்கு முன்பே எட்டியிருந்தது, தம்பிதான் சொன்னான். மாடிப்படியில் மரியாந்தியின் செருப்புச் சத்தம் கேட்டால் ரூலா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாபம் விட்டாள். மரியாந்தி தலையைக் குனிந்துகொண்டு ஏறிப் போனாள். செப்டம்பர் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோர அறையைத் தானே ஒழித்துக் கழுவி, கட்டிலைப் போட்டாள். ஸ்டாதிஸ் அதைப் பார்த்தும் தடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கையில், காபி குடித்துக்கொண்டே, பெண் வருவது நடக்காது என்றான்.

"நீ சத்தியம் பண்ணினே" என்றாள்.

"பண்ணினேன். ஆனா யோசிச்சுப் பாரு. எங்கக்கா காலைப் போக்கினவளோட பொண்ணை அவ தலைக்கு மேலேயே குடிவைக்க முடியுமா? நாலு பேர் என்னை என்னன்னு சொல்லுவாங்க?"

"நான் போக்கலன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன? உன் வாயாலேயே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கே." நிதானமாகக் கோப்பையை வைத்தான். "வேணும்னா போய் மாத்திச் சொல்லு. பொய் சாட்சி சொன்னவன்னு ஜெர்மனிக்குச் சேதி போகும். பொண்ணைத் தூக்கிட்டுப் போக அவ அப்பனுக்கு அது ஒண்ணே போதும்."

அவள் எல்லா வழியையும் தன் கையாலேயே அடைத்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைகிட்ட நீயே சொல்லிடு. என்னைக் கெட்டவனாக்காதே" என்று சொல்லி, எண்ணை அழுத்தி, தனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து, செல்போனை மேசையில் அவள் பக்கம் தள்ளினான்.

ஃபானி முதல் மணியிலேயே எடுத்தாள். பெட்டி கட்டியாயிற்று என்றாள், சித்தி பூட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்றாள். ஜன்னலைத் திறந்தால் டிராம் வண்டி தெரியுமா என்று கேட்டாள். மரியாந்தி அவளைப் பேசி முடிக்க விட்டாள். பிறகு, இந்த வருஷம் முடியாது கண்ணு, என்றாள்.

அழுவாள் என்று மரியாந்தி காத்திருந்தாள். ஃபானி அழவில்லை.

"இந்தத் தடவை நீ என்னம்மா பண்ணினே?"

எதிரில் ஸ்டாதிஸ் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரூலாவுக்கு அடிபட்டுச்சுல்ல" என்றாள் மரியாந்தி. "அது என்னாலதான்."