ரோஸ் நிறம் வந்த வெள்ளிக்கிழமை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நொதிகள் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் தாட்சாயிணிக்கு வேலை. சர்க்கரையிலிருந்து கிடைக்கும் குளுக்கோனிக் அமிலத்திலிருந்து, ஒரு மூலக்கூறுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்று தண்ணீரை உருவி எடுக்கும் நொதி அவள் பொறுப்பு. நொதி வேலை செய்தால் சோதனைக் குழாய் கொதிநீரில் ரோஸ் நிறமாக மாறவேண்டும். மூன்று வாரமாக ஒன்றும் மாறவில்லை.

"திங்கட்கிழமையோட இதை நிறுத்திடலாம்" என்றாள் ஆய்வகத் தலைவி ஷர்மிளா. தாட்சாயிணியைவிட ஆறு வயது இளையவள்.

வெள்ளிக்கிழமை காலை தாட்சாயிணி தன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நொதியைப் பாதுகாக்கும் கரைசலில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததாக அவள் கையெழுத்திலேயே இருந்தது. கோளாறு அங்கேதான். சத்தம் போடாமல் புதுக் கரைசல் கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நோட்டை எடுத்துக்கொண்டு நேரே ஷர்மிளாவின் மேசைக்குப் போனாள்.

"தப்பு என்னோடது மேடம். பழைய கம்பெனில எல்லாத்துலயும் இதைப் போடுவோம். அந்தப் பழக்கத்துல போட்டுட்டேன். இது மெக்னீசியத்தைப் புடிச்சு வெச்சுக்கும். மெக்னீசியம் இல்லாம நம்ம நொதி வேலை செய்யாது."

ஷர்மிளா கண்ணாடியைக் கழற்றினாள். "மூணு வாரம், தாட்சாயிணி!"

"ஆமா மேடம்."

ஷர்மிளா நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். "நானும் அந்த நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன். படிக்காமலே. வா, மெக்னீசியத்தைக் கூட்டிப் பாப்போம்."

ஒரு குழாயில் மெக்னீசியம் சேர்த்தார்கள், பக்கத்துக் குழாயில் சேர்க்கவில்லை. அரைமணி கழித்து இரண்டிலும் சோதனைத் திரவங்களை விட்டுக் கொதிநீரில் இறக்கினார்கள். ஆறாவது நிமிடம் மெக்னீசியம் சேர்த்த குழாயில் மட்டும் லேசாக நிறம் ஏறியது. பத்தாவது நிமிடம் அது பன்னீர் ரோஜா நிறம். நொதி தண்ணீரை உருவிவிட்டது.

"ஐயோ!" என்று ஷர்மிளா அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். இருவரும் வெளிச்சத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை நிறுத்தப்போவதைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

மதியம் தாட்சாயிணி ஆவடி ஃபாக்டரியில் இருந்த கணவன் மோகனுக்கு ஃபோன் போட்டாள்.

"ராத்திரி வெளிய சாப்பிடலாமா?"

"இன்னா விசேஷம்?"

"தண்ணி வந்துடுச்சு."

"நம்ம ஊட்லயா? மோட்டார் ரிப்பேராச்சே!"

அவள் சிரித்த சிரிப்பில் ஷர்மிளா திரும்பிப் பார்த்தாள். "வந்து சொல்றேன்" என்று ஃபோனை வைத்துவிட்டு, தாட்சாயிணி டிபன் பாக்ஸைத் திறந்தாள். நல்ல பசி.