பத்து நாளாக ஓடாத வண்டி

காரின் முதல் ஸ்பார்க் பிளக் இரண்டே சுற்றில் கையோடு வந்துவிட்டது. அருள்தாஸுக்கு அதுவே பிடிக்கவில்லை. பத்து நாள் சும்மா கிடந்த வண்டி என்றால் பிளக் இறுகியிருக்க வேண்டும். ஸ்பானரை மாட்டித் தம் கட்டினால்தான் அசையும். இது என்னடாவென்றால் சோடா பாட்டில் மூடி மாதிரி கழன்று வருகிறது.

வெயிலில் திருப்பிப் பார்த்தான். கரி அப்பி, ஆயில் ஏறி, முனை தேய்ந்து கிடந்தது. பீங்கானில் விரிசல். இதைப் போட்டால் எந்த வண்டியும் உறுமக்கூடச் செய்யாது.

"இன்னாடா தாஸு, கரி புடிச்சிகினு கீதா? நான்தான் சொன்னனே" என்றார் முத்துகிருஷ்ணன். ரைஸ் மில்லும் அவருடையது, அந்தக் கறுப்பு வண்டியும் அவருடையது. மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஏட்டு, மடியில் நோட்டு.

வாசல் தூணில் முனிரத்தினத்தைக் கட்டிப்போட்டிருந்தார்கள். நெற்றி பிளந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை அடைத்து, மோவாயில் காய்ந்திருந்தது. முந்தின நாள் பொழுது சாயும்போது, மாகறல் ரோட்டு ஏரிக்கரை வளைவில், இதே வண்டி அவன் பெண்டாட்டி சிட்டம்மாளை அடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போனது. பின்னால் நடந்து வந்தவன் கண்ணாரப் பார்த்தான். காலையில் மில்லுக்கு வந்து கத்தினான். கல்லை எடுத்து வண்டியின் பக்கக் கண்ணாடியை உடைத்தான். மில் ஆட்கள் விறகுக் கட்டையால் அவனை உடைத்தார்கள்.

முதலாளி சொன்ன கதையே வேறு. வண்டி பத்து நாளாக ஓடவே இல்லை, பிளக் போய்விட்டது, குடிகாரப் பயல் வந்து கலாட்டா பண்ணுகிறான், மெக்கானிக்கே பார்த்துச் சொல்லட்டும். உத்திரமேரூரில் மெக்கானிக் என்றால் அருள்தாஸ் ஒருவன்தான். சண்டைக் காலத்தில் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றவன். முனிரத்தினத்தின் சேரிக்காரனும்தான். அவன் வாயாலேயே ஓடாத வண்டி என்று வந்துவிட்டால் போதும், முனிரத்தினம் ஜெயிலுக்கு, சிட்டம்மாள் மண்ணுக்கு, வண்டி ஷெட்டுக்கு.

"தாஸுண்ணா, நல்லா பாத்து சொல்லுண்ணா" என்றான் முனிரத்தினம். "என் ரெண்டு கண்ணால பாத்தேண்ணா."

மேஸ்திரி தாண்டவராயன் அவன் விலாவில் ஓர் உதை விட்டான். "வாய மூட்றா, நாயே." முனிரத்தினம் மூச்சு வாங்க முடியாமல் கயிற்றில் தொங்கினான்.

அருள்தாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதைக் கழற்றினான். அதிலும் கரி. மூன்றாவதைத் துணியால் துடைத்தபோது ஸ்பானர் பிடிக்கிற பட்டையில் ஒரு கீறல் தெரிந்தது. மற்ற இரண்டையும் துடைத்தான். அவற்றிலும் அதே கீறல். உதவாது என்று தள்ளும் ஒவ்வொரு பிளக்கிலும் அவன் அரத்தால் ராவி அப்படி ஒரு தடம் வைப்பான், யாரும் நல்லதென்று சொல்லி விற்றுவிடக் கூடாதென்று.

காலையில் முதலாளியின் டிரைவர் வேதகிரி அருள்தாஸின் ஷெட்டுக்கு வந்திருந்தான். "வலைக்கு குண்டு கட்டணும், நாலு பழைய பிளக் குடு நைனா" என்றான். ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் கேட்டு வாங்கிப் போவது வழக்கம்தான். சாவு வீட்டு நினைப்பில் அருள்தாஸ் ஒன்றும் யோசிக்காமல் தகர டப்பாவில் கையை விட்டு நாலை எடுத்துக் கொடுத்தான். அடப்பாவி, என் கையாலேயே கொடுத்தேனே! இப்போது வண்டி ஓரத்தில் நின்ற வேதகிரி தலையைக் குனிந்துகொண்டான்.

அருள்தாஸ் திறந்திருந்த பானெட்டுக்குக் கீழே, வண்டியின் விளிம்பில் வலது கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஏட்டய்யா, எய்திக்கோங்க. இது இந்த வண்டியில ஓடின பிளக்கே இல்ல. என் ஷெட்டு பிளக். காலைல வேதகிரி வாங்கிகினு வந்தான். நான் ராவுன தடம் கீது பாருங்க. ஓடின பிளக்க தேடி எடுங்க, நேத்து ஓடிச்சா இல்லியான்னு அது சொல்லும்."

ஏட்டின் பென்சில் நின்றது. முத்துகிருஷ்ணன் எழுந்திருக்கவில்லை. தாண்டவராயனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

தாண்டவராயன் பானெட்டைத் தாங்கிய முட்டுக் கம்பியைத் தட்டிவிட்டு அதை இரண்டு கையாலும் அறைந்து மூடினான். நாலு விரலும் நொறுங்கிய சத்தம் தூண்வரை கேட்டது. அருள்தாஸ் அலறினான். தாண்டவராயன் பானெட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தான்.

"இன்னா தடம்டா? இப்ப சொல்லு."

"ஐயோ... என் தடம்தான்... என் பிளக்தான்..."

"கேட்டிங்களா?" என்றார் முத்துகிருஷ்ணன் நிதானமாக. "அவன் ஷெட்டு பிளக்குன்னு அவனே ஒத்துகினான். என் வண்டில இருந்த நல்லத திருடிகினு பழச மாட்டி வெச்சிக்கிறான். அதனாலதான் வண்டி ஓடல. அப்டியே எய்திக்கோங்க."

ஏட்டு எழுதினார். எழுதி முடித்து நோட்டை நீட்டினார். "கையெழுத்து போடு."

அருள்தாஸ் தரையில் சுருண்டு கிடந்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வெறும் சதையாகத் தொங்கியது.

"எதால போடுவான்?" என்று சிரித்தான் தாண்டவராயன். கீழே கிடந்த பிளக்கின் கரியை வழித்து, திமிறத் திமிற அருள்தாஸின் இடது கட்டை விரலில் தேய்த்து, நோட்டில் அமுக்கினான்.

"எனக்கு எய்த தெரியும்யா" என்று முனகினான் அருள்தாஸ். "இங்கிலீசுலயே போடுவேன்யா." யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ஏட்டு நோட்டை மூடினார். "ரெண்டு பேரும் நடக்கிற நெலமைல இல்லியே. ஸ்டேஷன் வரிக்கும் எப்டி இட்டுகினு போறது? பேஜாரா போச்சு."

"நம்ம வண்டி கீதே" என்றார் முத்துகிருஷ்ணன்.

வேதகிரி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான். நாலு பிளக். முனை கூராக, பீங்கான் சுத்தமாக, நன்றாக ஓடுகிற வண்டியின் பிளக்குக்கு இருக்கிற அதே பிஸ்கட் நிறம். அருள்தாஸ் தரையில் கிடந்தபடி ஒவ்வொன்றையும் பார்த்தான். ஏட்டும் பார்த்தார். வேதகிரி மிச்சமிருந்த ஒரு கரிப் பிளக்கையும் கழற்றிவிட்டு நாலையும் முடுக்கினான். ஒரே இழுப்பில் வண்டி எடுத்தது.

இருவரையும் பின்சீட்டில் அள்ளிப் போட்டார்கள். ஏட்டு முன்னால் ஏறிக்கொண்டார்.

ஏரிக்கரை வளைவில் சேரி ஜனம் திரண்டு நின்றது. ரோட்டில் சிட்டம்மாளின் ரத்தம் காய்ந்த இடத்தை, போலீஸ் வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, சுற்றிலும் கல் அடுக்கிக் காவல் காத்தார்கள். முன்சீட்டில் காக்கிச் சட்டையைக் கண்டதும் சிட்டம்மாளைப் பெற்ற மங்கம்மா, "போலீசு வந்துட்சி, வயி வுடுங்க!" என்று கூவிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். ஜனம் இரண்டு பக்கமும் விலகியது.

"நிறுத்தாத, போ" என்றார் ஏட்டு.

அருள்தாஸின் காலுக்கடியில், வண்டியின் அடித்தகட்டில், கற்கள் ஒவ்வொன்றாக மோதி உருண்டன.