கல் என்றால் எந்த நாள்?

மூன்று நாள் காய்ச்சல் தெளிந்து, புதன்கிழமை காலை வயர்லெஸ் அறைக்குள் நுழைந்த பக்தவத்சலம் சுவர்ப் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

தீவுகளுக்கிடையே ஓடும் லாஞ்சுகள் கிளம்பினாலும் சேர்ந்தாலும் அந்த அறைக்குச் செய்தி வரும். பதிவேட்டில் எழுதி, பலகையில் சாக்பீஸால் குறிப்பார்கள். பாராடாங் தீவிலிருந்து வர வேண்டிய லாஞ்சுக்கு நேராக, 'கிளம்பியது: திங்கள் காலை' என்றிருந்தது. 'சேர்ந்தது' என்ற கட்டம் காலி.

ஆறு மணி நேரப் பயணம். இரண்டு நாளாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கடல் சாம்பல் நிறத்தில் புரண்டது. அந்த லாஞ்சில்தான் அவர் மனைவி அலமு, ஏழு மாதக் கர்ப்பிணி, தங்கை வீட்டிலிருந்து திரும்ப வேண்டும்.

"குழந்தைவேலு! இது யார் எழுதினது?"

தஞ்சாவூரிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த உதவியாளர் எழுந்து நின்றார். "நான்தான் சார். சேர்ந்த செய்திதான் வராம போச்சுன்னு நெனச்சேன்."

பக்தவத்சலம் பாராடாங்கைக் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். தேடுவதற்குப் படகு அனுப்பச் சொல்ல வேண்டும். இந்த அலையில் அதில் போகிறவர்களுக்கும் வீட்டில் மனைவிகள் இருப்பார்கள். 'முருகா, அவசரப்பட்டு நான் தப்பு செய்யக்கூடாது' என்று வேண்டிக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தார்.

'கிளம்பியது: திங்கள் காலை. செய்தி வந்தது: செவ்வாய் மாலை 5.10.'

கயிறு அவிழ்த்த கையோடு செய்தி சொல்கிறவன் பாராடாங் வயர்லெஸ்காரன் சந்திரன். திங்கட்கிழமை கிளம்பியதை அவன் ஏன் செவ்வாய் மாலை சொல்ல வேண்டும்?

"அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

"'லாஞ்ச் கல் காலைல'ன்னாரு. அப்புறம் ஒரே இரைச்சல். கல்னா நேத்துதானே சார்? ரொட்டிக்கடைக்காரர் 'கல் கா'ன்னு சொல்லி நேத்து ரொட்டியத்தானே தர்றாரு. கடிச்சா கல்லாத்தான் இருக்கு."

"அட பாவி! இந்த ஊர் ஹிந்தில நேத்தும் கல்தான், நாளைக்கும் கல்தான்!"

செவ்வாய்க்கு நாளை என்றால் இன்று; லாஞ்ச் இன்னும் கிளம்பாமலே இருக்கலாம். ஆனால் அது ஊகம்தான். ஊகத்தை நம்பி அலமுவைக் கடலில் விட்டுவிட்டு உட்கார முடியுமா? பதில் வரும்வரை பாராடாங்கைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஒன்பதே காலுக்குச் சந்திரனின் குரல் கேட்டது. மூன்று தலைமுறையாகத் தீவில் இருக்கும் குடும்பத்தின், ஹிந்தி கலந்த தமிழ் அது.

"நமஸ்தே அண்ணே! லாஞ்ச் இப்பத்தான் கிளம்புச்சு. இஞ்சின் கராப், மூணு நாள் இங்கேயே கிடந்துச்சு. தங்கச்சி வீடு தூரம்னு அலமு பாபி எங்க வீட்லதான் இருந்தாங்க. என் வீட்டுக்காரி கமலாட்சி தலகாணி குடுத்து ஏத்தி விட்டுருக்கா. ஃபிக்கர் பண்ணாதீங்க, கவலையே வேணாம். ஓவர்."

பக்தவத்சலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குழந்தைவேலு சுவரோரம் வெளிறிப்போய் நின்றிருந்தார். மேலதிகாரிக்குப் புகார் போனால் வேலை போய்விடும்.

முன்பின் தெரியாத ஒருத்தி அலமுவுக்குத் தலையணை கொடுத்திருக்கிறாள். பக்தவத்சலம் சாக்பீஸை எடுத்து நீட்டினார். "நீயே அழி. தேதி போட்டு எழுது. இனிமே கல்னு கேட்டா எந்தத் தேதின்னு திருப்பிக் கேளு."

மூன்று மணிக்குக் குழந்தைவேலு, யாரும் சொல்லாமலே, குடையை எடுத்துக்கொண்டு மழையில் படகுத்துறைக்கு ஓடினார். பக்தவத்சலம் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்கால்.

டெலிபோன் அடித்தது.

"சேர்ந்தாச்சு சார். அண்ணி குடைக்குள்ள நிக்கறாங்க. இன்னிக்குத்தான் சார். ஆஜ். அதுல குழப்பமே இல்ல."

கட்டத்தில் தேதி எழுதுவதற்குள் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.